2009 மாடல் பென்ஸ், மூணரை லட்சம் சொல்றாங்க: ஏற்காடு ஏறி இறங்க வாங்கலாமா?

கொலுசுப்பட்டறை, சிவதாபுரம் (திங்கள் இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இங்க பல நாளா படிச்சிட்டு வர்றேன், எழுதறது இதுதான் முதல் தடவை.

பொண்ணு ஏற்காட்டுல ஹாஸ்டல்ல தங்கி ஏழாவது படிக்குது. மாசம் ரெண்டு தடவை கூட்டிட்டு வந்து, திரும்பக் கொண்டுபோய் விடணும். இப்ப இருக்கிறது சின்ன வண்டி, 2014 மாடல். இருபது கொண்டை ஊசி வளைவுல பாதி தாண்டறதுக்குள்ள பாப்பாவுக்கு வாந்தி வந்துடும். ஒவ்வொரு தடவையும் வழியில நிறுத்தி, முகம் கழுவி விட்டுத்தான் கூட்டிட்டுப் போறோம். போன மாசம் எங்க மச்சான் தன்னோட பழைய பென்ஸ்ல அழைச்சிட்டு வந்தார். அடிவாரம் வர்ற வரைக்கும் பின்சீட்ல தூங்கிட்டே வந்திருக்கா. அன்னையில இருந்து எனக்கு இதே நெனப்பாத்தான் இருக்கு.

சீலநாயக்கன்பட்டி பக்கம் பழைய வண்டி விக்கற ஒரு கன்சல்டிங்ல ஒரு வண்டி நிக்குது. இ 220 சிடிஐ, 2009, கறுப்பு, டெல்லி நம்பர். மீட்டர்ல 58,000 கிலோமீட்டர்தான். மூணரை லட்சம் சொல்றாங்க. கையில நாலரை லட்சம் இருக்கு. வெள்ளின்னா உருக்கிப் பார்த்து டச், அதாவது சுத்தம் எவ்வளவுன்னு சொல்லிடுவேன். வண்டியில எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஞாயித்துக்கிழமை அட்வான்ஸ் கேக்கறாங்க. வாங்கலாமா, வருஷத்துக்கு என்ன செலவு ஆகும், சேலத்துல பார்க்க ஆள் இருக்காங்களா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரோஜா நகர், ஓமலூர் (திங்கள் இரவு 10.15)

நாலரை லட்சத்தை முன்பணமா கட்டினா புது வண்டியே எடுக்கலாமே தம்பி. வாரண்டி இருக்கும், நடுவழியில நிக்காது. பிள்ளையைக் கூட்டிட்டு மலை ஏறுறீங்க, அதையும் யோசிங்க. வாந்திக்கு வண்டி மட்டும் காரணம் இல்லை. வளைவுக்குள்ள போய் பிரேக் அடிக்காம, முன்னாடியே வேகத்தைக் குறைச்சு ஒரே சீரா திருப்பிப் பாருங்க. பாப்பாவைத் தூரத்துல பார்க்கச் சொல்லுங்க, போனைக் கையில குடுக்காதீங்க. எங்க வீட்ல இதுலயே பாதி சரியாச்சு.

இருபதாம் வளைவு, ஏற்காடு (செவ்வாய் காலை 6.50)

ஓமலூர் நண்பர் சொன்னது நியாயம். அதையும் முயற்சி பண்ணிப் பாருங்க. ஆனா இந்த வண்டி வளைவுல மெத்துன்னு வர்றதும் உண்மை. ரெண்டு அச்சுக்கும் நடுவுல 2,854 மில்லிமீட்டர். சின்ன வண்டி மாதிரி தூக்கித் தூக்கிப் போடாது.

நான் இதே மாடல் 2007 வண்டியை 2018-ல வாங்கினேன். அப்ப 1,32,000 ஓடியிருந்துச்சு. இப்ப ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் தாண்டிடுச்சு. வாரத்துக்கு மூணு தடவை சேலம் இறங்கி ஏறறேன். அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல, 58,000 கிலோமீட்டர்னு சந்தோஷப்படாதீங்க. இந்த வயசு வண்டியில கிலோமீட்டரைப் பார்க்கக் கூடாது, ரப்பரைப் பார்க்கணும். இந்த எஞ்சின் டைமிங் செயின் போட்டது, நாலு சிலிண்டர், 2,148 சிசி. ஆயில் மாத்திட்டே வந்தா லட்சக்கணக்குல ஓடும். இரும்பு தேயறதுக்கு ஓட்டம் வேணும். ரப்பருக்கு ஓட்டமே வேண்டாம், வருஷம் போனா போதும். கூலன்ட் ஹோஸ் (எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி போற குழாய்), எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கற ரப்பர்), லோயர் ஆர்ம் புஷ், கதவு பீடிங் (கதவு ஓர ரப்பர்), ஒயர் மேல இருக்கிற உறை, பிரேக் ஹோஸ், டயர், கியர்பாக்ஸ்ல இருக்கிற ஓ-ரிங் (வளைய ரப்பர்), எல்லாம் ஷெட்ல நின்னுட்டே செத்துப் போகும். பதினாறு வருஷத்துல 58,000-ன்னா வருஷத்துக்கு நாலாயிரம் கூட இல்லை. நின்ன வண்டி. ஓடின வண்டியா இருந்தா இதையெல்லாம் யாராவது ஒரு தடவையாவது மாத்தியிருப்பாங்க. நின்ன வண்டியில எல்லாமே கம்பெனியில இருந்து வந்தது. எல்லாத்துக்கும் ஒரே வயசு. வாங்கற முதல் வருஷத்துல ஒண்ணு பின்னாடி ஒண்ணா உங்க கையிலதான் போகும்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். வாங்கின அடுத்த வருஷம் மே மாசம், கோடை விழாக் கூட்டம், குப்பனூர் வழியா இறங்கறேன். பானட்ல இருந்து இனிப்பு வாடை. நிறுத்தித் திறந்தா மேல் கூலன்ட் ஹோஸ் வாய் கிட்ட வெடிச்சு, எஞ்சின் பூரா தண்ணி. அதுக்கு முந்தின வாரம்தான் பார்த்தேன், கறுகறுன்னு புதுசு மாதிரி இருந்துச்சு. வெளியே பார்த்தா தெரியாது. ஆறின எஞ்சின்ல ஹோஸைக் கட்டைவிரலால அழுத்தணும். நல்ல ஹோஸ் அமுங்கித் திரும்ப எழும். செத்த ஹோஸ் உள்ளே அப்பளம் மாதிரி நொறுங்கும், விரல்லயே தெரியும். அன்னைக்கு ரெக்கவரி வண்டி வர மூணு மணி நேரம் ஆச்சு. வண்டி மேல குறை சொல்ல மாட்டேன். பன்னெண்டு வருஷ ரப்பர் அது, மாத்தாம விட்டது நான்.

ரெண்டாவது, பணக் கணக்கு. புதுசுல முப்பது லட்சத்துக்கு மேல போன வண்டி. வண்டி விலைதான் மூணு லட்சத்துக்கு வந்திருக்கு, பார்ட்ஸ் விலை வரலை. அது இன்னும் முப்பது லட்ச வண்டியோட பார்ட்ஸ்தான். உங்க பட்ஜெட் நாலரை லட்சம்னா வண்டிக்கு மூணுக்கு மேல குடுக்காதீங்க. மிச்சத்தை வங்கியிலயே விடுங்க. முதல் மாசமே எடுப்பீங்க.

ஐந்துரோடு ஷெட், சேலம் (செவ்வாய் மதியம் 2.05)

நான் மெக்கானிக். அண்ணன் ரப்பர் பத்திச் சொன்னதை அப்படியே ஒத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை பார்க்கப் போறப்ப என்ன பார்க்கணும்னு எழுதறேன்.

போனதும் பானட் மேல கையை வைங்க. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணியிருக்காங்க. அப்ப பார்க்காதீங்க. ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு வர்றேன்னு போயிடுங்க. இந்த டீசல்ல வியாதி எல்லாம் ஆறின எஞ்சின்லதான் வெளிய வரும். ஸ்டார்ட் ஆனதும் கிட்டப் போய்க் காது குடுங்க. ‘சப் சப்’னு பல்லு இடுக்குல காத்து வர்ற மாதிரி சத்தம் வந்தா, டீசலைப் பீச்சற இன்ஜெக்டர் அடியில இருக்கிற செப்பு வாஷர்ல இருந்து புகை தப்பிக்குது. மேல் மூடியைக் கழட்டினா இன்ஜெக்டரைச் சுத்தி தார் ஊத்தின மாதிரி கறுப்பா உறைஞ்சிருக்கும். சீக்கிரம் பார்த்தா வாஷர் செலவோட போகும். நாள்பட விட்டா இன்ஜெக்டர் தலையிலயே பிடிச்சுக்கும், உருவறதுக்கே ஒரு நாள் வேலை.

அடுத்து கியர்பாக்ஸ். அஞ்சு கியர் ஆட்டோமேட்டிக், 722.6-னு சொல்லுவோம். நல்ல பெட்டி. ஆயுசுக்கும் ஆயில் மாத்தவே வேண்டாம்னு ஒரு காலத்துல சொன்னாங்க. அதை நம்பி மாத்தாம விட்ட வண்டிதான் ஷெட்டுக்கு வருது. 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஃபில்டரோட மாத்தணும். இதுல டிப்ஸ்டிக் கிடையாது, வெறும் குழாய்க்கு மூடி போட்டிருப்பாங்க. ஷெட்ல இருக்கிற தனிக்குச்சி விட்டு, ஆயில் சூட்டைப் பார்த்துத்தான் அளவு சொல்ல முடியும். பெட்டிப் பக்கவாட்டுல 13 பின் ஒயர் சொருகற இடம் ஒண்ணு இருக்கு. அங்க இருக்கிற சின்ன ஓ-ரிங் இறுகிப் போனா ஆயில் கசியும். கீழ சொட்டினா பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். ஒயர் உள்ளேயே ஏறி, விளக்குத் திரியில எண்ணெய் ஏறற மாதிரி ஏறி, கியர் கம்ப்யூட்டர் வரைக்கும் போயிடும். சில நூறு ரூபா ரப்பருக்காகக் கம்ப்யூட்டர் போன வண்டியைப் பார்த்திருக்கேன். லிஃப்ட்ல ஏத்தாம இது தெரியாது. லிஃப்ட்ல ஏத்த விடமாட்டேன்னு சொன்னா அங்கேயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்து பாருங்க, ஆறினப்புறம் மட்டும். கியர் ஆயில் குளிரறதும் ரேடியேட்டருக்குள்ள போற குழாய்லதான். அது உள்ள ஓட்டை ஆனா கூலன்ட் கியர்பாக்ஸ்ல கலந்துடும். டேங்க்ல எண்ணெய்ப் படலம் மிதந்தா தொடாதீங்க.

சேலத்துல வேலை தெரிஞ்ச ஷெட் நாலஞ்சு இருக்கு. தேயற சாமான் ஆர்டர் போட்டா வந்துடும். பாடி சாமான், லைட், கண்ணாடின்னா சென்னை புதுப்பேட்டை இல்லேன்னா கோயம்புத்தூர் உக்கடம், அதையும் விட்டா டெல்லி மாயாபுரிதான்.

படிவம் முப்பது, அஸ்தம்பட்டி (செவ்வாய் இரவு 8.30)

வண்டியைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். டெல்லி நம்பர் என்றதும் எனக்கு முதலில் அதுதான் தோன்றுகிறது.

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது: டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டியும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது. அதனால்தான் அங்கே கிடைக்கும் விலைக்குத் தள்ளி விடுகிறார்கள். வெளி மாநிலத்துக்குக் கொண்டுவர அங்குள்ள ஆர்.டி.ஓ. தடையில்லாச் சான்று தர வேண்டும், படிவம் 28. அது கையில் இல்லாமல் வண்டி மட்டும் சேலம் வந்திருந்தால், அதற்கு இங்கே நம்பர் வாங்க முடியாது. ‘பத்து நாளில் வந்துவிடும்’ என்ற பேச்சை நம்பி ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் பதிவு எந்த நிலையில் இருக்கிறது, எதுவரை செல்லும், கடன் அடமானம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

சான்று இருந்தாலும் இங்கே வந்தபின் வண்டி வயதுக்கு ஏற்பத் தமிழ்நாட்டுக்கு வாழ்நாள் வரி கட்டி, படிவம் 27 கொடுத்து நம்பர் மாற்ற வேண்டும். அந்தத் தொகை, வண்டி விலை மூன்றரை லட்சம் போகத் தனி.

15 வருடம் முடிந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க, ஏப்ரல் 2022 முதல் காருக்கு ரூ.5,000. அதுவே இறக்குமதி வண்டியாக இருந்தால் ரூ.40,000. நாள் தவறினால் மாதத்துக்கு ரூ.500 கூடும். புதுப்பித்தால் ஐந்து வருடம். 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆக்கிவிட்டார்கள். 2009 வண்டி 2029-இல் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும்.

இன்சூரன்ஸ்: 1,500 சிசிக்கு மேல் மூன்றாம் நபர் காப்பீடு வருடத்துக்கு ரூ.7,897, மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. இந்த வயது வண்டிக்கு முழுக் காப்பீடு எழுதப் பல நிறுவனங்கள் தயங்குவார்கள். எழுதினாலும் வண்டி மதிப்பைப் பேசித்தான் வைப்பார்கள்.

கோரிமேடு அக்கா (புதன் காலை 10.20)

தம்பி, பென்ஸ்தான் வேணும்னு மனசு இருந்தா நான் குறுக்க நிக்கலை. ஆனா உனக்கு வேணும்கிறது பாப்பா தூங்கிட்டு வர்ற வண்டிதானே? ஜப்பான் வண்டியையும் ஒரு தடவை பாரு. என்கிட்ட 2009 ஹோண்டா அக்கார்டு 2.4 இருக்கு, ஆட்டோமேட்டிக். ஒன்பது வருஷமா நானேதான் ஓட்டறேன். பேட், புஷ், பேட்டரி, டயர், இதைத் தவிர பெருசா கை வைக்கலை. பின்சீட் அகலம், எங்க அத்தை முதுகு வலியோட அதுலதான் மாசம் ஒரு தடவை மலை ஏறி வர்றாங்க.

குறையும் சொல்லிடறேன். பெட்ரோல் குடிக்கும், டவுனுக்குள்ள ஒன்பதுக்கு மேல குடுக்காது. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது வந்த பிறகு இன்னும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. வயசான பெட்ரோல் ஹோஸ்களை முன்னெச்சரிக்கையா ஒரு தடவை புதுசா மாத்திட்டேன். வண்டி தாழ்வு, வேகத்தடையில பார்த்துத்தான் ஏத்தணும்.

இன்னொண்ணு. எந்த வண்டி வாங்கினாலும் வாங்கறதுக்கு முன்னாடி பாப்பாவைப் பின்சீட்ல உட்கார வச்சு ஒரு நடை மலை ஏறி இறங்கிட்டு வா. நாம ஒரு கணக்குப் போடுவோம், பிள்ளை உடம்பு வேற கணக்குப் போடும்.

சங்ககிரி லாரி (புதன் இரவு 11.10)

எல்லாரும் எஞ்சின், கியர்னு பேசியாச்சு. நான் பிரேக் பத்தி மட்டும் பேசறேன். முப்பது வருஷமா லாரித் தொழில். தொப்பூர் கணவாய் எத்தனை பேரை வாங்கியிருக்குன்னு கண்ணால பார்த்தவன்.

ஏற்காடு 1,515 மீட்டர் உயரம். சேலத்துக்கு இறங்கறப்ப 1,200 மீட்டருக்கு மேல இறங்கறீங்க. வண்டி, ஆள், பை எல்லாம் சேர்த்து ரெண்டு டன் பக்கம். அந்த எடை கீழ வர்ற வேகத்தை எல்லாம் ஏதாவது ஒண்ணு தாங்கணும். ஒண்ணு எஞ்சின் தாங்கணும், இல்லேன்னா பிரேக் டிஸ்க் தாங்கணும். ‘டி’யிலயே போட்டுட்டு பிரேக்ல காலை வச்சுட்டே வந்தா டிஸ்க் தாங்குது, சூடு, பேடை அமுக்கற காலிப்பர் வழியா பிரேக் ஆயிலுக்குப் போகுது.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் கீழ கொதிக்கக் கூடாதுங்கிறது விதி. ஈரம் ஏறின பிறகு அதே ஆயிலுக்கு 155 டிகிரி தாண்டினா போதும்னு விட்டிருக்காங்க. அவ்வளவு இறங்கிடும். கொதிச்சா உள்ள ஆவி. ஆவியை அமுக்கினா அமுங்கும், பிரேக் பிடிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும்னு பல வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கும். நின்ன வண்டிக்கு யாரும் மாத்த மாட்டாங்க, ஓட்டவே இல்லையேன்னு விட்டுடுவாங்க. ஈரம் நின்னாலும் ஏறும்.

எங்க சொந்தக்காரர் ஒருத்தர், பெரிய வண்டி, என்ன வண்டின்னு வேண்டாம். ஆறு வருஷமா ஆயில் மாத்தலை. ஏற்காட்டுல இருந்து குடும்பத்தோட இறங்கறார். கடைசி அஞ்சாறு வளைவு இருக்கிறப்ப பெடல் பஞ்சு மாதிரி ஆச்சு, அடுத்த மிதியில தரையைத் தொட்டுச்சு. புத்திசாலித்தனமா கியரை இழுத்துட்டு மலைச்சுவர் பக்கமே உரசி நிறுத்தினார். இடது பக்கம் பூரா போச்சு, உசுரு எல்லாம் தப்பிச்சுது. அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா பெடல் பழையபடி கெட்டியா இருக்கு. ஆறினா ஆவி திரும்ப ஆயில் ஆயிடும். அதனால ஷெட்ல கொண்டு போய்க் காட்டினா பிரேக் நல்லாத்தானே இருக்குன்னு சொல்லுவாங்க.

நீங்க எந்த வண்டி வாங்கினாலும் மலை ஏத்தறதுக்கு முன்னாடி புது பிரேக் ஆயில், நாலு சக்கரத்துலயும் பழைய ஆயில் முழுக்க வெளிய வர்ற வரைக்கும். 2006-க்கு முன்னாடி வந்த இதே பென்ஸைக் காட்டினா எட்டிக்கூடப் பார்க்காதீங்க. அதுல பிரேக் எலக்ட்ரானிக் பம்ப் வழியா வேலை செய்யும். 2004, 2005-ல உலகம் பூரா திரும்ப அழைச்சுப் பார்த்தாங்க. 2006 முகமாற்றத்துல சாதா ஹைட்ராலிக் பிரேக்குக்கே வந்துட்டாங்க.

கொலுசுப்பட்டறை (வியாழன் காலை 7.15)

லாரி அண்ணா, படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரலை. எங்க சின்ன வண்டிக்கே பிரேக் ஆயில் எப்ப மாத்தினோம்னு ஞாபகம் இல்லை. இன்னைக்கே கொண்டு போறேன். ஆட்டோமேட்டிக்ல எஞ்சின் பிடிமானத்துல இறங்கறது எப்படிங்க? கியர் நம்ம கையில இல்லையே?

இருபதாம் வளைவு (வியாழன் காலை 7.40)

கையிலதான் இருக்கு. லிவர் ‘டி’யில இருக்கிறப்ப இடது பக்கம் ஒரு தட்டு தட்டுங்க, மீட்டர்ல 4-ன்னு காட்டும். இன்னொரு தட்டு 3. வலது பக்கம் தட்டினா திரும்ப மேல போகும். நான் மேல இருந்து கிளம்பறப்பவே 3-ல போட்டுடுவேன், வளைவு கிட்ட வர்றப்ப 2. பிரேக்கை வளைவுக்கு முன்னாடி ஒரு தடவை அழுத்தி மிதிச்சு, விட்டுடணும். மேல கால் வச்சுத் தேய்க்கக் கூடாது. இப்படி இறங்கினா அடிவாரத்துல நிறுத்தி வீல் கிட்டக் கையைக் கொண்டு போனா இளஞ்சூடுதான் இருக்கும். பாப்பாவுக்கும் இதுதான் நல்லது, தலை முன்னாடி பின்னாடி ஆடாது.

கொலுசுப்பட்டறை (ஞாயிறு இரவு 8.50)

போய்ப் பார்த்துட்டு வந்துட்டோம். ஐந்துரோடு அண்ணா தன்னோட ஞாயித்துக்கிழமையை எனக்காக விட்டுக் குடுத்து கூட வந்தார். அவருக்கு என்ன நன்றி சொன்னாலும் பத்தாது.

பத்து மணிக்குப் போனா பானட் சூடு. அண்ணா ஒண்ணும் பேசலை, ஒரு மணிக்கு வர்றோம்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டார். தட்டுவடை செட் சாப்பிட்டுட்டு, செயலியில நம்பரைப் போட்டுப் பார்த்தேன். பதிவு 2024-லயே முடிஞ்சிருக்கு. தடையில்லாச் சான்று குடுத்த விவரமே இல்லை. அஸ்தம்பட்டி சார் எழுதின மாதிரியே கன்சல்டிங்காரர் ‘பத்து நாள்ல வந்துடும்’னார். அங்கேயே திரும்பியிருக்கலாம். கத்துக்கலாமேன்னு வண்டியையும் பார்த்தோம்.

வெளியே கண்ணாடி மாதிரி பாலிஷ். டயர்ல நல்லா பட்டன் இருக்கு. அண்ணா டார்ச் அடிச்சு ஓரத்துல நாலு நம்பரைக் காட்டினார், 1116. அதாவது 2016-ல பதினோராவது வாரம் செஞ்ச டயர். பட்டனுக்கு நடுவுல மயிரிழை மாதிரி வெடிப்பு. பின்கதவு பீடிங்கை நகத்தால தொட்டேன், மாவு மாதிரி கையோட வந்துச்சு. ஹோஸை நானே அழுத்தினேன். இருபதாம் வளைவு அண்ணா சொன்ன அப்பளச் சத்தம் விரல்ல தெரிஞ்சுது, அதை மறக்கவே மாட்டேன். ஸ்டார்ட் பண்ண பேட்டரிக்கு வெளியில இருந்து கரண்ட் குடுத்தாங்க. மவுண்ட் போனதால சும்மா நிக்கறப்பவே ஸ்டீயரிங் நடுங்குச்சு.

கடைசியா ஸ்கேனர் போட்டார். பழைய பிழைப் பதிவு ஒண்ணுல அப்ப ஓடியிருந்த கிலோமீட்டரும் சேர்ந்து பதிவாகியிருந்துச்சு: 1,41,000. மீட்டர் 58,000 காட்டுது. பிரேக் பெடல் ரப்பரைப் பார்த்தா கோடு எல்லாம் தேஞ்சு வழவழன்னு இருக்கு. ஆக நிறைய ஓடி, மீட்டரைத் திருப்பி, அப்புறம் வருஷக்கணக்கா நின்ன வண்டி. லிஃப்ட்ல ஏத்தணும்னு கேட்டோம், முடியாதுன்னுட்டாங்க. கும்பிடு போட்டுட்டு வந்துட்டோம்.

மனசு கஷ்டமாத்தான் இருக்கு. பாப்பாகிட்ட வேற சொல்லி வச்சிருந்தேன்.

இருபதாம் வளைவு (ஞாயிறு இரவு 9.30)

கஷ்டப்படாதீங்க. மூணரை லட்சம் தப்பிச்சிருக்கு. எனக்குத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் நாகலூர் போற வழியில இருக்கார், காபித் தோட்டம். கண் பார்வை குறைஞ்சதால ஓட்டறதை விட்டுட்டார். அவர் வண்டியும் இ 220 சிடிஐ, 2009, டிஎன் 54, முதல் ஓனர். 1,83,000 ஓடியிருக்கு. அந்தக் கிலோமீட்டரைக் கேட்டுட்டே நாலு பேர் திரும்பிப் போயிட்டாங்க. பில் எல்லாம் வச்சிருக்கார். வெளியே அழகு பார்க்காதீங்க, பம்பர்ல கீறல் இருக்கு, சீட் ஒரு இடத்துல கிழிஞ்சிருக்கு. புதன்கிழமை வர முடிஞ்சா நானும் வர்றேன்.

கொலுசுப்பட்டறை (மூணு வாரம் கழிச்சு, சனி மாலை 6.05)

வாங்கியாச்சுங்க. விவரமா எழுதறேன்.

பெரியவர் ஒரு பச்சை ஃபைலைக் கொண்டு வந்து மேஜை மேல வச்சார். 2011-ல இருந்து ஒவ்வொரு பில்லும் தேதி வரிசையா குத்தியிருக்கு. மேல மூலையில அவர் கையால நீல மையில கிலோமீட்டர் எழுதியிருக்கார். கியர் ஆயில் 62,000, 1,20,000, 1,78,000. பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, கடைசி 2024 மார்ச். ஒரு பில்லுல ‘13 பின் ஓ-ரிங் மாற்றியது’ன்னே இருக்கு. நான் ஐந்துரோடு அண்ணாவைப் பார்த்தேன், அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஆர்.சி. 2029 வரைக்கும் புதுப்பிச்சிருக்கார். மூணு லட்சம் சொன்னார், ரெண்டே முக்காலுக்கு முடிஞ்சுது. சாவியைக் குடுக்கறப்ப வண்டியை ஒரு சுத்துச் சுத்தி வந்து, கதவை மெதுவா சாத்தச் சொன்னார். சாத்தினேன். அந்த ‘தப்’ங்கிற சத்தத்தைக் கேட்டுட்டு உள்ளே போயிட்டார்.

அக்கா சொன்ன மாதிரி வாங்கறதுக்கு முன்னாடியே பாப்பாவை வச்சு ஒரு நடை இறங்கி ஏறினோம். தூங்கலை, ஜன்னல் வழியா பார்த்துட்டே வந்தா. வாந்தி இல்லை.

முதல் மாசச் செலவு, மறைக்காம எழுதறேன், வாங்க நினைக்கிற மத்தவங்களுக்கு உதவும். நாலு டயர் 38,000. முன் லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட் 31,000. எஞ்சின் மவுண்ட் ரெண்டு, கியர்பாக்ஸ் மவுண்ட் ஒண்ணு 22,000. ஹோஸ் எல்லாம், பெல்ட், தெர்மோஸ்டாட், கூலன்ட் 19,500. இன்ஜெக்டர் வாஷர் நாலு 5,500. முன் டிஸ்க், பேட், பிரேக் ஆயில் 24,000. பேட்டரி 13,500. ஆக 1,53,500. மூன்றாம் நபர் காப்பீடு ஒன்பதாயிரத்துச் சொச்சம், பேர் மாத்தற செலவு தனி. நாலரைக்குள்ள முடிஞ்சுது. கையில ஒண்ணும் மிச்சம் இல்லை, அதனால சீட்டுக் கிழிசலை அப்படியே விட்டிருக்கேன். டீசல் மலையும் டவுனும் சேர்த்து லிட்டருக்குப் பதினொண்ணு குடுக்குது.

போன ஞாயித்துக்கிழமை மூணுல போட்டு இறங்கினேன். அடிவாரத்துல வீல் கிட்டக் கையை வச்சுப் பார்த்தேன், இளஞ்சூடுதான். இந்த வாரம் ஏறறப்ப ஒரு தடவை பாப்பாவுக்கு வாந்தி வந்துச்சு. பஸ் பின்னாடியே ரொம்ப நேரம் நின்னு நின்னு போனோம், காலையில சாப்பிடவும் இல்லை அவ.

ஐந்துரோடு அண்ணா, ஒரு சந்தேகம். காலையில முதல் வேகத்தடை ஏறறப்ப முன் வலது பக்கம் ‘டொக்’னு ஒரு சத்தம். கொஞ்ச தூரம் ஓடினா நின்னுடுது.

ஐந்துரோடு ஷெட் (சனி இரவு 7.20)

ஆர்ம் மாத்தறப்ப ஸ்டெபிலைசர் லிங்க் சுமாரா இருந்துச்சு, இன்னும் கொஞ்ச நாள் வரும்னு விட்டேன். அதுவா இருக்கும். மாத்திடலாம், ரெண்டு பக்கமும் சேர்த்து. வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க. காலையில ஓட்டிட்டு வராதீங்க, வியாழக்கிழமை ராத்திரியே ஷெட்ல விட்டுட்டுப் போயிடுங்க. நீங்க ஓட்டிட்டு வந்தா சத்தம் வழியிலயே நின்னுடும், எனக்குக் கேட்காது. பச்சை ஃபைலையும் வண்டியிலயே வைங்க, பில்லுல கிலோமீட்டர் எழுதித் தர்றேன்.